மாமாட ஆர்எக்ஸ் 100: சூடேறினா ரேஸ் தானா ஏறுது, உதவி தேவை

கல்லடிப் பொடியன்:
அண்ணன்மார், காக்காமார் எல்லாருக்கும் வணக்கம். மாமாட யமஹா ஆர்எக்ஸ் 100 ஒண்ட திரும்ப ரோட்டுக்குக் கொண்டு வரப் பாக்கன். ஒரு இடத்தில முட்டிக்கிட்டு நிக்கன்.

வருத்தம் இதுதான். வெள்ளாப்பில ரெண்டு உதையில ஸ்டார்ட் ஆகுது. முதல் பத்து நிமிசம் ஒரு குறையும் இல்ல. மறுகா காத்தான்குடி தாண்டி ஆரையம்பதிக்குக் கிட்டப் போகக்குள்ள ரேஸ் தானா ஏறத் தொடங்கும். கைய முழுசா விட்டாலும் இறங்காது. நேத்து ஒரு சந்தியில நிண்டன், எஞ்சின் கத்தின கத்துக்குக் கடைக்குள்ள இருந்த ஆக்கள் வெளிய வந்து பாத்தாங்க. சாவிய ஓஃப் பண்ணித்தான் அடக்கினன். பிளக்கக் கழட்டினா சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை.

ஒரு கராஜில காட்டினன். காபரேட்டரக் கழுவி, ஐட்லிங் ஸ்குரூவக் குறைச்சுத் தந்தாங்க. இப்ப குளிர்ல நிண்டு போகுது, சூட்டில முந்தி மாதிரியே கத்துது. வித்துப்போட்டு வேற ஒண்டு எடுக்கச் சொல்றாங்க. அது ஏலா.

மண்முனைப் பாலம் 2014ல திறந்தது. அதுக்கு முதல் பாதையில (ஆக்களையும் வண்டியையும் வாவி கடத்துற மிதவையில) ஏத்தித்தான் பைக்கக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் கொண்டு போறது. மாமா என்ன டேங்கில முன்னுக்கு இருத்தித்தான் கூட்டிப் போவாரு. பாதை நடு வாவியில போகக்குள்ள எஞ்சின் நிண்டிருக்கும், சைலன்சர் ஆறுற டிக் டிக் சத்தம் என்ட காலுக்குக் கீழ கேக்கும். கரை தட்டினதும் ஒரே உதை. நீலப் புகை, டூ டீ ஒயில் (பெற்றோலோட சேந்து எரியிற எஞ்சின் ஒயில்) மணம். படுவான்கரை வயல் வெளியில மூண்டாம் கியரில இழுக்கக்குள்ள ஒரு இடத்தில சத்தம் மாறும், ஆரோ பின்னால நிண்டு தள்ளின மாதிரி இருக்கும். 98 சீசீ, 11 குதிரை வலு எண்டு இப்ப வாசிச்சா சின்னக் கணக்குத்தான். எனக்கு அண்டைக்கு அதவிட வேகமான சாமான் உலகத்தில இல்ல.

2004 சுனாமியில வீட்டோட பைக்கும் போச்சு. மூண்டு நாளைக்குப் பிறகு மணலுக்குள்ள ஹேண்டில் மட்டும் தெரிஞ்சிச்சு. மாமா எஞ்சின முழுசாப் பிரிச்சு, நல்ல தண்ணியில கழுவி, டீசல்ல ஊறப் போட்டு, திரும்பப் பூட்டி ஓடினாரு. 2022ல பெற்றோல் வரிசைக் காலத்தில ஓரமா வைச்சவரு. அடுத்த வருசம் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திட்டு. இப்ப வாசல்ல கதிரையில இருந்து நான் கழட்டிப் பூட்டுறதப் பாத்துக்கிட்டு இருக்காரு.

அக்கரைப்பற்றுக் காக்கா:
தம்பி, முதல்ல ஓட்டத்த நிப்பாட்டுங்க. பிளக் வெள்ளை எண்டா காத்துக் கூட, பெற்றோல் குறைய. இந்தச் சூட்டோட இன்னும் நாலு மைல் இழுத்தா பிஸ்டன் சிலிண்டருக்குள்ள இறுகிப் பிடிச்சிடும்.
காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில இருக்கிற றப்பரப் பாத்தீங்களா? பழசுல அது வெடிச்சுத்தான் கிடக்கும். எஞ்சின் ஓடக்குள்ள அதச் சுத்திச் சவர்க்காரத் தண்ணி தெளிங்க. ரேஸ் மாறினா கள்ளன் அங்கதான்.

கல்லடிப் பொடியன்:
செஞ்சு பாத்தன் காக்கா. றப்பர் புதுசாத்தான் கிடக்கு, தண்ணி தெளிச்சும் ஒரு மாற்றமும் இல்ல.

வாழைச்சேனைக்காரன்:
பெற்றோலுக்குள்ள கொஞ்சம் கூட டூ டீ ஒயில் ஊத்திப் பாருங்க மச்சான். சூடு குறையும்.

களுவாஞ்சிக்குடி கராஜ்:
அப்பிடிச் செய்ய வேணாம். காபரேட்டர் ஜெட்டுக்குள்ளால, அந்தச் சின்ன ஓட்டையால, போறது ஒரே அளவுதான். ஒயில் கூடினா அந்த அளவுக்குப் பெற்றோல் குறையும், கலவை இன்னும் காஞ்சு போகும். ஒயில் பம்ப் வேலை செய்யாட்டி மட்டும் லீற்றருக்கு 40 மில்லி கலந்து ஓடலாம். அது வேற கதை.

தம்பி, மறுமொழி நீங்க எழுதினதுக்குள்ளயே கிடக்கு. உப்புத் தண்ணி குடிச்ச எஞ்சின்.

போர் ஸ்ட்ரோக்கில கிராங் (பிஸ்டன் சுத்துற தண்டு) இருக்கிற பெட்டிக்குள்ள ஒயில் கிடக்கும். உங்கட ஆர்எக்ஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக்கில அந்தப் பெட்டிதான் நெஞ்சாங்கூடு. பிஸ்டன் மேல போகக்குள்ள காத்தையும் பெற்றோலையும் உள்ளுக்கு இழுக்கும், கீழ வரக்குள்ள அமத்தி மேல ஏத்தும். அதால கிராங்குக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற ஒயில் சீல், அந்த றப்பர் வளையம், காத்து விடப்படாது. கிளச் பக்கத்துச் சீல் போனா கியர் ஒயில உறிஞ்சி வெள்ளைப் புகை தள்ளும். மெக்னெட் (கரண்ட் எடுக்கிற சில்லு) பக்கத்துச் சீல் போனா வெறுங்காத்து உள்ள போகும். காபரேட்டர நீங்க நூறு தரம் கழுவினாலும் அந்தக் காத்து நிக்காது. புகை எண்டு நீங்க ஒண்டும் சொல்லல்ல. நான் சந்தேகப்படுறது மெக்னெட் பக்கம்.

உங்கட மாமா நல்ல வேலைக்காரன், அந்த நேரம் சீல் மாத்தாம விட்டிருக்க மாட்டாரு. ஆனா சீலிட உதடு உரசுற தண்டில உப்புத் திண்ட குழி கிடந்தா புதுச் சீலும் கொஞ்ச நாள்ல அறுபடும்.

சோதிக்க வழி சொல்றன். சைலன்சரக் கழட்டி அந்த வாய்க்கு சைக்கிள் ட்யூப் துண்டு வைச்சு, மேல தகடு போட்டு இறுக்குங்க. பிஸ்டனக் கீழ் மட்டத்துக்குக் கொண்டு வாங்க. காபரேட்டர் றப்பர் வாய ஒரு அடைப்பால மூடி, அதுக்குள்ள ஒரு குழாய் விடுங்க. பம்ப் வேணாம், வீட்டில பிரஷர் பாக்கிற கருவியிட பந்தும் மீற்றரும் காணும். முள்ளு 250க்கு வரும் வரைக்கும் அமத்துங்க, அதுக்கு மேல வேணாம். நல்ல எஞ்சின் நிமிசக் கணக்கில பிடிச்சு நிக்கும். மறுகா மெக்னெட்டப் புல்லர் போட்டுக் கழட்டி, சீலில சவர்க்கார நுரை பூசுங்க. சுத்தியலால மட்டும் அடிச்சுப் போடாதீங்க.

லண்டன் மட்டக்களப்பான்:
நான் இஞ்ச ஆர்டி 350 எல்சி ஒண்டு வைச்சிருக்கன். 1980ல வந்த மொடல், ரெண்டு சிலிண்டர், 347 சீசீ, தண்ணியால குளிர்ற எஞ்சின். அதுக்கும் இதே சீல் வருத்தம் வந்தது, கராஜ் அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு சரி.
ஒண்டு சேத்துச் சொல்றன். டூ ஸ்ட்ரோக் ஓடக்குள்ள ரெண்டு விரல் எப்பவும் கிளச்சில இருக்கோணும். பிஸ்டன் பிடிச்ச கணமே கிளச்ச அமத்தினா சில்லு பூட்டாது, விழ மாட்டீங்க. ரேஸ் ஏறி அடங்காட்டி சோக்க இழுங்க. பெற்றோல் கூடி அமந்திடும்.

கல்லடிப் பொடியன்:
பிந்தி எழுதுறன், மன்னிக்கோணும். மாமிட பிரஷர் கருவியத்தான் எடுத்தன். முள்ளு 250ல நிக்கல்ல, நான் மூண்டு எண்ணக்குள்ள 100க்கு இறங்கிட்டு. மெக்னெட்டக் கழட்டி நுரை பூசினா சீலிட கீழ்ப் பக்கம் வரிசையாக் குமிழி.

எஞ்சினக் களுவாஞ்சிக்குடிக்கே கொண்டு போய் அண்ணன்ட்டயே குடுத்தன். தண்டில நகம் வைச்சுப் பாக்கச் சொன்னாரு. அரிசி முனையளவு குழி மூண்டு நகத்தில தட்டிச்சு. இருபது வருசத்துக்கு முந்தின கடல் அதுக்குள்ள இருந்திருக்கு. லேத்தில குடுத்து மெல்லிய வளையம் ஏத்தி, ரெண்டு பக்கச் சீலும் பெயரிங்கும் புதுசாப் போட்டம்.

இண்டைக்கு வெள்ளாப்பில கல்லடியில இருந்து மண்முனைப் பாலம் தாண்டிப் போய்க் கிறுகி வந்தன். கைய விட்டா ரேஸ் அப்படியே இறங்குது. பிளக் தேயிலச் சாயம் மாதிரி மண்ணிறம். வாசல்ல நிப்பாட்டி எஞ்சின ஓஃப் பண்ணினன், சைலன்சர் டிக் டிக் எண்டு ஆறிச்சு. மாமா கொஞ்ச நேரம் அதக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. மறுகா திக்கித் திக்கிக் கேட்டாரு: "மூண்டாம் கியர்ல இழுத்துப் பாத்தியா மனே?"