நாளுக்கு இத்தனை பக்கம் என்ற கணக்கு படைப்பாளிக்கு உதவுமா?

விடியல்:
பகலில் அலுவலகமும் மற்ற நேரத்தில் எழுத்துமாக இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஒரே முறைதான்: நாள்தோறும் ஒரே நேரம், முன்கூட்டியே முடிவு செய்த அளவு, அதைக் குறித்துவைக்க ஒரு நோட்டு. பிரிட்டன் அஞ்சல் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவரும் 47 நாவல்களை எழுதியவருமான ஆன்டனி டிராலப், மறைவுக்குப் பின் 1883இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். அதிகாலை 5.30 மணிக்கு மேசை முன் அமர்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதினார். தம்மை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காகப் பணியாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். உந்துதல் வரட்டும் என்று காத்திருந்தால் அலுவலக வேலை நம் நாளை முழுவதுமாக எடுத்துக்கொள்ளும் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

தூரிகை:
நான் புத்தக அட்டைகள் வரைபவள். இந்த முறையை என்னால் ஏற்க முடியவில்லை. எண்ணக்கூடிய பொருளை உண்டாக்குபவருக்கே எண்ணிக்கை பொருந்தும். ஓர் அட்டைக்கான என் நேரத்தில் பெரும்பகுதி கையெழுத்துப் பிரதியைப் படிப்பதிலும், வரைந்தவற்றைக் கழித்துக்கட்டுவதிலும் செல்கிறது. மூன்று வரைவுகளைத் தூக்கிப்போட்டு, எது வேண்டாம் என்று தெளிவடைந்த நாளுக்கு உங்கள் நோட்டில் என்ன எழுதுவீர்கள்? சுழியம் என்றுதானே? அது பொய்க்கணக்கு.

ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்கா 1912 செப்டம்பர் 22 அன்று இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து, மறுநாள் காலை ஆறு மணி வரை எழுந்திருக்காமல் ஒரு சிறுகதையை எழுதி முடித்தார். எழுத்து என்பது இப்படி இடையறாத தொடர்ச்சியில் மட்டுமே இயலும் என்று தம் நாட்குறிப்பிலும் பதிந்தார். கால் மணிக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்ப்பவருக்கு அப்படி ஓர் இரவு வாய்க்காது.

விடியல்:
டிராலப் தம் கணக்கை நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலான நெகிழ்வுடன் வைத்திருந்தார். காலையின் முதல் அரை மணியில் அவர் புதிதாக ஒரு சொல்லும் எழுதவில்லை. முந்தைய நாள் எழுதியதைப் படித்து, வாக்கியங்களின் ஓசையைக் காதால் எடைபோட்டார். வார இலக்கும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. சராசரி 40 பக்கம் என்றாலும் சில காலங்களில் 20ஆகத் தாழ்ந்தது, ஒருமுறை 112 வரை உயர்ந்தது. எடுத்துக்கொண்ட வேலையைப் பார்த்து அளவை வகுத்தார். வகுத்தபின் அதை மீறவிடவில்லை.

காஃப்காவுக்கும் அட்டவணை இருந்தது. காலை எட்டு முதல் பிற்பகல் இரண்டு வரை விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணி, பின்பு தூக்கம், நடை, இரவு உணவு, பத்தரை மணி வாக்கில் எழுத்து என்று அதே ஆண்டு நவம்பரில் கடிதம் ஒன்றில் வரிசைப்படுத்தியிருக்கிறார். ஓர் இரவில் சிறுகதை முடியும். நாவல் முடியாது. அவர் தொடங்கிய மூன்று நாவல்களும் முற்றுப்பெறாமல்தான் நமக்குக் கிடைத்தன.

தூரிகை:
காசநோயுடன் போராடி நாற்பது வயதில் இறந்தவரின் முற்றுப்பெறாத நாவல்களுக்கு அட்டவணைக் குறையைக் காரணமாக்குவது நியாயமில்லை, நண்பரே. நீங்கள் எடுத்துக்காட்டிய கடிதம் என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது: அவர் ஒதுக்கியது வேறு யாரும் குறுக்கிடாத நேரத்தையே, இத்தனை பக்கம் என்று தமக்கு எதையும் விதித்துக்கொள்ளவில்லை.

மென்பொருள் துறையைச் சேர்ந்த பால் கிரகாம் 2009இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகப் பிரித்துக்காட்டினார். மேலாளரின் நாள் மணிக்கணக்கில் துண்டுபட்டிருக்கும்; உருவாக்குபவருக்கு அரைநாளாவது ஒரே நீட்சியாக வேண்டும்; நடுவில் வைக்கும் ஒரே கூட்டம் ஒரு பிற்பகலை இரண்டு சிறு துண்டுகளாக்கி, முழுவதையும் பயனற்றதாக்கிவிடும். காலை பதினொரு மணிக்கு வாடிக்கையாளர் அழைத்து, "அந்த நீலத்தைக் கொஞ்சம் மாற்ற முடியுமா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறார். அதற்குப் பிறகு வண்ணத்துக்குள் மீண்டும் நுழைய எனக்கு நெடுநேரம் ஆகிறது. எனவே, எவ்வளவு முடித்தோம் என்று எண்ணுவதைக் காட்டிலும் எந்த நேரத்தில் தொலைபேசியை அணைத்துவைத்தோம் என்பதைத் திட்டமிடுவதே எங்களுக்குப் பயன் தரும்.

பிழைதிருத்தி:
இருவரும் தம் அறைக்குள் நின்று பேசுகிறீர்கள். நான் அச்சகத்துக்குத் தேதி சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவன். சனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருகிறது என்பதால் எங்கள் ஆண்டின் பெரும்பகுதி வேலை நவம்பர், டிசம்பரில் வந்து குவிகிறது. அப்போது எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் சொல்லும் தேதியை நம்பலாமா?

பெரும்பாலும் நம்ப முடியாது. அதற்குச் சோம்பல் காரணமில்லை. தம் வேலை எவ்வளவு நாள் எடுக்கும் என்பதை மனிதர்கள் தொடர்ந்து குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே எழுதினார்கள். ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் துல்லியமானது. இளநிலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். ஏறத்தாழ 55 நாள் ஆனது. எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு அவர்கள் தந்த விடையின் சராசரியே 49 நாள்களுக்குள்தான் இருந்தது.

வேலையைக் கற்பனையில் ஓட்டிப் பார்த்து நாள் சொல்வதால் இது நேர்கிறது. இதே போன்ற பழைய வேலைகள் உண்மையில் எவ்வளவு எடுத்தன என்று பார்த்துச் சொன்னால் பிழை குறைகிறது. அதற்காகவேனும் ஒரு பதிவு வேண்டும். தம்மை விரட்டுவதற்கு நோட்டு வைப்பவரோடு எனக்கு வழக்கில்லை, ஆனால் அடுத்த தேதியை நேர்மையாகச் சொல்வதற்கு நோட்டு வைப்பவருக்கே நான் முதலில் வேலை கொடுப்பேன்.

விடியல்:
கெடுவும் அளவும் கலையைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு நம் மொழியிலேயே மறுப்பு உண்டு. கல்கி 1950 முதல் 1954 வரை தம் இதழில் வாரந்தோறும் 'பொன்னியின் செல்வன்' என்ற சோழர் கதையைத் தொடராக எழுதினார். மணியம் அதற்கு ஓவியம் வரைந்தார். அந்த ஓவியங்களை இன்றும் நாம் போற்றுகிறோம், தூரிகை அவர்களே.

தூரிகை:
மணியத்தை நானும் போற்றுகிறேன். அந்த இதழின் ஆசிரியரே கதையாசிரியர். என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கோ ஆசிரியர், பதிப்பாளர், விற்பனையாளர் என்று மூவர் தனித்தனியே கருத்துச் சொல்கிறார்கள். தாமதத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. பிழைதிருத்தி ஐயா கேட்கும் பதிவை வைத்துக்கொள்ள எனக்குத் தடையில்லை. ஆனால் அதில் முடித்த படங்களின் எண்ணிக்கை இருக்காது. வேலைக்கு எத்தனை அரைநாள் சென்றது, ஒப்புதல் தந்த பின் எத்தனை முறை திருத்தம் கேட்டார்கள் என்ற இரண்டையும் குறிப்பேன். இரண்டாவது எண்ணைப் பதிப்பகமும் தன் பக்கத்தில் குறித்துக்கொண்டால், அடுத்த நவம்பரில் தேதி சொல்லும் பொறுப்பு என் ஒருத்தி மேல் மட்டும் இருக்காது.

பிழைதிருத்தி:
குறித்துக்கொள்கிறோம். முதல் வரைவுக்கு மூவரும் ஒரே தாளில் கருத்தெழுதி அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

விடியல்:
உங்கள் இருவருக்கும் வெளியிலிருந்து ஒரு தேதி வந்துவிடுகிறது. யாரும் கேட்காத நாவலை எழுதுபவருக்கு அப்படி எதுவும் வராது. ஆதலால் காலை ஐந்தரை மணியையும் பக்கக் கணக்கையும் நான் கைவிடப்போவதில்லை.