பழைய பிரஷ் கட்டர்: ரிப்பேர் பண்ணலாமா, புதுசு வாங்கலாமா?

வணக்கம். பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு. அப்பா வாங்கிய 2 ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் (தோளில் மாட்டிப் புல் வெட்டும் மெஷின்), 52 சிசி. காலையில் கயிறு இழுத்ததும் ஸ்டார்ட் ஆகிறது. கொஞ்ச நேரம் ஓடி சூடானால் நின்றுவிடுகிறது. ஆறின பிறகுதான் மறுபடி பிடிக்கிறது. கோரைப்புல் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் இழுவையே இல்லை.

பிளக் புதுசு, ஏர் ஃபில்டர் கழுவியாச்சு, வெடித்திருந்த பெட்ரோல் டியூபையும் மாற்றியாச்சு. சைலன்சரைக் கழற்றி ஓட்டை வழியாகப் பார்த்தேன். பிஸ்டனில் மேலிருந்து கீழாகக் கோடுகள், நகத்தில் தட்டுப்படுகிற ஆழம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயில் சூட்டில் கோளாறு செய்தாலும் இப்படித்தான் நிற்குமாம். நின்ற உடனே பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பார்த்தால் தெரிந்துவிடுமா?

மெக்கானிக் சிலிண்டர், பிஸ்டன், ரிங் மொத்தமாக மாற்ற 3,500 ரூபாய் கேட்கிறார். புதுசு 12,000 ஆகும். தண்டும், பிளேடைச் சுற்றும் கியர் ஹெட்டும் கல்லு மாதிரி இருக்கின்றன, தூக்கிப்போட மனசே வரவில்லை. எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் இந்தச் செலவு வீண், அதனால் அதை முதலில் பார்க்க வேண்டும். எஞ்சினைப் பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது?

சிலிண்டர் செட் மாற்றி ஓட்டியவர்கள், எத்தனை சீசன் தாங்கியது என்று சொல்லுங்கள். புதுசுதான் சரி என்றால் 4 ஸ்ட்ரோக் வாங்கலாமா? பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை இல்லை, ஆனால் நாள் முழுக்கத் தோளில் சுமக்க முடியுமா? புல் இடுப்பளவு வந்துவிட்டது, சீக்கிரம் சொன்னால் பெரிய உதவி.