சென்னையில் விமானம் தவறிவிட்டது, மும்பையிலிருந்து தம்மாம் விமானத்தில் மட்டும் ஏறலாமா?

பேரணாம்பட்டுப் பெண்:

அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் அண்ணன் சவூதியில், தம்மாமில் டிரெய்லர் ஓட்டுகிறார். லீவு முடிந்து இன்று கிளம்பினார். காலையில் சென்னை–மும்பை, ராத்திரி மும்பை–தம்மாம். நம் நாட்டு விமான நிறுவனம்தான். ஒரே டிக்கெட், ஒரே பிஎன்ஆர்.

குடியாத்தம் வழியாக வந்து வேலூரில் ஹைவேயைப் பிடிக்கும் வரை கையில் தாராளமாக நேரம் இருந்தது. காவேரிப்பாக்கம் தாண்டியதும் ஒரு கன்டெய்னர் லாரி ரோட்டின் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. ரோடு வேலைக்காக ஒரு பக்கத்தை ஏற்கெனவே அடைத்திருந்ததால் கிரேன் உள்ளே வரவே வழியில்லை. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டோம். மீனம்பாக்கத்தில் இறங்கி ஓடினால் கவுன்டரை மூடிவிட்டார்கள்.

இப்போது வெளியே பெட்டிகளோடு உட்கார்ந்திருக்கிறோம். ஊரில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர், "நோ-ஷோ, அதாவது ஆள் வரலைன்னு ஆயிடுச்சு, முழுப் பணமும் போச்சு, புதுசாத்தான் எடுக்கணும்" என்கிறார். மாமா ஒருவர், "வேற கம்பெனி விமானத்துல மத்தியானம் மும்பை போயிடட்டும், ராத்திரி விமானத்துக்குத்தான் டிக்கெட் கையில இருக்கே" என்கிறார். லீவு முடிந்து சவூதிக்குத் திரும்ப நுழைவதற்கான ரீ-என்ட்ரி விசா அடுத்த வாரம் முடிகிறது. அம்மா ஊரிலிருந்து போன் மேல் போன் போடுகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரிக்காரன்:

மாமா சொன்னதை மட்டும் செய்யாதீர்கள் சிஸ்டர். எங்கள் சித்தப்பா பையன் குவைத் போகும்போது இப்படித்தான் வேறு டிக்கெட் எடுத்து மும்பை போய்ச் சேர்ந்தான். அங்கே கவுன்டரில் அவன் பெயரே இல்லை. முதல் விமானத்தில் ஏறாததால் மொத்தமும் கேன்சல் என்று சொல்லிவிட்டார்கள். ராத்திரி முழுக்க விமான நிலையத்திலேயே கிடந்தான்.

காந்தி ரோடு டிக்கெட் கடை:

தங்கச்சி, விமானம்தான் போயிருக்கிறது. டிக்கெட் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. உங்கள் கையில் சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது. எந்தப் புது டிக்கெட்டும் எடுக்காதீர்கள், வீட்டுக்கும் திரும்பாதீர்கள். எழுந்து, நீங்கள் போகவேண்டிய விமான நிறுவனத்தின் டிக்கெட் கவுன்டருக்குப் போங்கள். லக்கேஜ் போடும் கவுன்டரைச் சொல்லவில்லை. டிக்கெட் விற்கும், மாற்றித் தரும் கவுன்டர். உள்ளே விடவில்லை என்றால் வாசலில் நிற்கும் அந்த நிறுவன ஊழியரைக் கேளுங்கள், வழி காட்டுவார்.

ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானம் இருந்தால் வரிசைப்படிதான் ஏறவேண்டும். முதல் விமானத்தில் ஆள் வரவில்லை என்றால் அடுத்ததையும் கம்ப்யூட்டர் தானாகவே ரத்து செய்துவிடும். ரிட்டர்ன் டிக்கெட் இருந்தால் அதுவும் போய்விடும். உங்கள் மாமா நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அது பஸ் கணக்கு. வழியில் ஏறிக்கொள்கிறேன் என்பது விமானத்தில் நடக்காது.

கவுன்டரில் "என் விமானம் போயிடுச்சு, என்ன செய்யலாம்" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் புது டிக்கெட் விலையைத்தான் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: "ராத்திரி மும்பை–தம்மாம் அப்படியே இருக்கட்டும். சென்னை–மும்பையை மட்டும் உங்களுடைய மத்தியான விமானத்துக்கு மாத்திக் கொடுங்க. நோ-ஷோ சார்ஜும் டிக்கெட் விலை வித்தியாசமும் எவ்வளவோ கட்டிடுறோம்." சென்னையிலிருந்து மும்பைக்கு நாள் முழுக்க விமானங்கள் இருக்கின்றன. இடம் இருந்து, உங்கள் டிக்கெட்டின் விதியும் அனுமதித்தால் செய்து கொடுப்பார்கள். அப்படிச் செய்துகொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, அதனால் பொறுமையாகப் பேசுங்கள். லாரி கவிழ்ந்த இடத்தைப் போனில் படம் எடுத்திருந்தால் காட்டுங்கள். "ஏஜென்ட்கிட்ட போங்க" என்று தள்ளிவிட்டால், டியூட்டி மேனேஜரைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். இன்னொருவர் அதே நேரத்தில் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு வரிசையில் காத்திருக்கட்டும். எது முதலில் கிடைக்கிறதோ அது.

வெப் செக்-இன் செய்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அதை முதலில் நீக்கினால்தான் டிக்கெட்டை மாற்ற முடியும், நிறைய இடத்தில் இதில்தான் சிக்கிக்கொண்டு நேரம் போகும்.

போய்ப் பேசிவிட்டு இங்கே எழுதுங்கள். கடையில்தான் இருக்கிறேன்.

தம்மாம்வாசி (ஆம்பூர்):

விசா பற்றி மட்டும் சொல்கிறேன். ரீ-என்ட்ரி தேதி முடிவதற்குள் சவூதிக்குள் இறங்கியாக வேண்டும், இக்காமாவும் (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) காலாவதியாகாமல் இருக்க வேண்டும். அடுத்த வாரம் வரை இருப்பதால் இன்று முடியாவிட்டாலும் நாளை, மறுநாள் போகலாம், பயம் வேண்டாம். ஆனாலும் அண்ணன் இப்போதே அவருடைய கஃபீலுக்கோ (வேலைக்கு எடுத்த முதலாளி) கம்பெனி முதீருக்கோ (மேனேஜர்) ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிடட்டும். ஆள் ஊரில் இருக்கும்போதே அப்ஷர் அல்லது முகீம் என்ற சவூதி ஆன்லைன் சேவை வழியாக ரீ-என்ட்ரியை நீட்டிக்க முடியும், அதற்குக் கட்டணம் உண்டு. ஆனால் அதைச் செய்ய வேண்டியது அவர்கள்தான், நாம் இங்கிருந்து செய்ய முடியாது. கடைசி நாள் வரை சொல்லாமல் இருந்துவிட்டு வெள்ளிக்கிழமை போன் போட்டால் அங்கே யாரும் எடுக்க மாட்டார்கள்.

பேரணாம்பட்டுப் பெண்:

அண்ணா, கவுன்டரில் அண்ணன் நிற்கிறார். முதலில் இருந்த பெண் முடியாது என்றுதான் சொன்னார். நீங்கள் எழுதியதை அப்படியே படித்துக் காட்டி, மேனேஜரைக் கேட்டதும் ஒருவர் வந்து பார்த்தார். மத்தியான விமானத்தில் இடம் இருக்கிறதாம். ரத்தான தம்மாம் டிக்கெட்டையும் திரும்பச் சேர்க்க முடியும் என்கிறார். கட்டச் சொல்லும் தொகை, புது டிக்கெட்டுக்கு ஊரில் கேட்டதில் பாதிகூட வரவில்லை. கட்டிவிடலாமா?

காந்தி ரோடு டிக்கெட் கடை:

கட்டிவிடுங்கள். ஆனால் பணம் கொடுத்ததும் நகர்ந்துவிடாதீர்கள். புது டிக்கெட் பிரின்ட்டைக் கேட்டு வாங்கி, மூன்றைப் பாருங்கள். இரண்டு விமானமும் அதில் இருக்கிறதா, இரண்டுக்கும் நேராக "கன்ஃபர்ம்டு" என்று இருக்கிறதா, லக்கேஜ் எத்தனை கிலோ என்று பழையபடியே இருக்கிறதா. டிக்கெட்டை மாற்றும்போது லக்கேஜ் அளவு குறைந்துபோய், அரிசியும் ஊறுகாயும் கட்டிய பெட்டியை வாசலில் பிரித்துப்போட்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லாட்ஜ் மேனேஜர்:

இந்த இழையிலேயே ஒரு சந்தேகம் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் லாட்ஜில் தங்கியிருந்த ஒரு வங்காளக் குடும்பம், வைத்தியம் முடிந்து கொல்கத்தா போகக் கிளம்பினார்கள். ராணிப்பேட்டை தாண்டும்போதே பெரியவருக்கு உடம்பு முடியாமல் போய், வண்டியைத் திருப்பிவிட்டார்கள். நாலு டிக்கெட். அவர்களுக்கு டிக்கெட் போட்டவர் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது என்றார். அப்புறம் கடன் வாங்கிக்கொண்டு ரயிலில்தான் போனார்கள். நிஜமாகவே எதுவும் கிடைக்காதா?

காந்தி ரோடு டிக்கெட் கடை:

கிடைக்கும் சார். இதைப் பற்றி எழுதவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாகவே மனசு அடித்துக்கொள்கிறது, ஏனென்றால் ஏமாறுவது எப்போதும் வைத்தியத்துக்கு வந்து கையிருப்பெல்லாம் செலவழித்த ஜனங்கள்தான்.

அந்த டிக்கெட்டை எடுத்து விலை பிரித்துப் போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். முதலில் அடிப்படைக் கட்டணம். அதன் கீழே சின்ன எழுத்தில் இரண்டு இரண்டு எழுத்தாகச் சில குறியீடுகள் இருக்கும். கே3 என்றால் ஜிஎஸ்டி. ஐஎன் என்றால் விமான நிலையம் வசூலிக்கும் யூடிஎஃப் என்ற பயனாளர் கட்டணம். பி2 என்றால் பாதுகாப்புக் கட்டணம். ஒய்கியூ, ஒய்ஆர் என்று இருப்பவை எரிபொருள் போல விமான நிறுவனமே போட்டுக்கொள்வது. ஆள் ஏறவே இல்லை என்றாலும், "நான்-ரீஃபண்டபிள்" டிக்கெட்டாகவே இருந்தாலும், ஆஃபரில் எடுத்திருந்தாலும், வரியையும் யூடிஎஃப் போன்ற கட்டணங்களையும் திருப்பித் தரவேண்டும் என்பது டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதி. ஒய்கியூ, ஒய்ஆர் இந்த விதியில் வராது. அவையும் அடிப்படைக் கட்டணமும் டிக்கெட்டின் விதியைப் பொறுத்தவை. நாலு பேருக்குக் கூட்டினால் அந்த வரித்தொகையே ஒரு குடும்பத்துக்கு ரயில் செலவுக்கு ஆகும்.

ஏஜென்ட் வழியாக எடுத்திருந்தாலும் பணம் திரும்பும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. "இது கிரெடிட்டாத்தான் வரும், அடுத்த பயணத்துல கழிச்சுக்குங்க" என்றால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, கிரெடிட்டா பணமா என்று முடிவு செய்யும் உரிமை பயணிக்குத்தான். என் தொழிலில் இருப்பவர்களே இதைச் சொல்லாமல் விடுவதும், வந்த ரீஃபண்டைக் கைப்பற்றிக்கொள்வதும் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. தரவில்லை என்றால் ஏர்சேவா ஆப்பில் பிஎன்ஆர் போட்டுப் புகார் கொடுங்கள். அது மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்துடையது. நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசலாம். அந்தக் குடும்பத்தின் நம்பர் உங்கள் பதிவேட்டில் இருக்கும் சார், தயவுசெய்து கூப்பிட்டுச் சொல்லுங்கள். டிக்கெட் நகலை அவர்கள் அனுப்பினால் கடைக்குக் கொண்டுவாருங்கள், நான் எழுதித் தருகிறேன். காசு வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. வண்டியைத் திருப்பும் அந்த நிமிஷத்திலேயே, ராணிப்பேட்டையிலேயே, கஸ்டமர் கேருக்குப் போன் போட்டிருந்தால் நிலைமை இன்னும் நன்றாக இருந்திருக்கும். விமானம் கிளம்ப இன்னும் சில மணி நேரம் இருக்கும்போது தேதி மாற்றினால் மாற்றக் கட்டணத்தோடு போகும். கவுன்டர் மூடிய பிறகு அதே டிக்கெட் நோ-ஷோ. உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுகிறார்கள். நம் ஊரிலிருந்து போகிறவர்கள், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் டிராஃபிக்கில் நின்றாலே போனை எடுத்துவிட வேண்டும். எப்படியும் பிடித்துவிடலாம் என்று டிரைவரை விரட்டுவது உயிருக்கும் ஆபத்து, டிக்கெட்டுக்கும் நஷ்டம்.

சத்துவாச்சாரிக்காரன்:

ரோடு வேலை முடியும் வரை நான் காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரல் போய், அங்கிருந்து மெட்ரோவில் விமான நிலையத்துக்குப் போகிறேன். பெட்டி அதிகம் இல்லாதவர்களுக்கு இதுதான் நிம்மதி. விடியற்காலை விமானம் என்றால் மட்டும் முந்தின ராத்திரியே மெட்ரோ ஓடும் நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

லாட்ஜ் மேனேஜர்:

நம்பர் இருக்கிறது. இப்போதே கூப்பிடுகிறேன். நாளை கடைக்கு வருகிறேன் சார்.

பேரணாம்பட்டுப் பெண்:

பணம் கட்டி டிக்கெட் வாங்கிவிட்டோம். இரண்டுமே கன்ஃபர்ம்டு. லக்கேஜ் அளவைக் குறைத்துத்தான் போட்டிருந்தார்கள் அண்ணா, நீங்கள் சொன்னதால் பார்த்தோம், சொன்னதும் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். கஃபீலுக்கும் அண்ணன் மெசேஜ் போட்டுவிட்டார். எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பெட்டிகளை மும்பையில் எடுத்துத் திரும்பப் போட வேண்டுமா?

காந்தி ரோடு டிக்கெட் கடை:

செக்-இன் செய்யும்போதே "தம்மாம் வரைக்கும் டேக் போடுங்க" என்று கேளுங்கள். பெட்டியில் ஒட்டும் சீட்டில் டிஎம்எம் என்று இருந்தால் தம்மாமில்தான் வரும், மும்பையில் தொடவேண்டாம். அந்தச் சீட்டின் துண்டை போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தருவார்கள், அண்ணனிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். இமிகிரேஷன் மும்பையில் நடக்கும், அதனால் பாஸ்போர்ட்டும் இக்காமாவும் கைப்பையில் இருக்கட்டும். பழைய டிக்கெட்டையும் இன்று கட்டிய ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள்.