கட்டுரைக்குப் பொருள் கிடைக்காமல் நிற்கிறேன், நீங்கள் எங்கே தேடுகிறீர்கள்?

கடைமடைக்காரி (திருத்துறைப்பூண்டி) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். தாலுகா ஆபீஸுக்குப் போகும் வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பகுதியில் வரும் ஒரு சிறு மாத இதழுக்கு ஒன்றரை வருடமாகக் கட்டுரை எழுதி வருகிறேன். கல்லணை, ஆடிப்பெருக்கு, வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகம், கஜா புயலில் சாய்ந்த தென்னை, எல்லாம் எழுதியாகிவிட்டது.

போன மாதம் மேட்டூர் அணையைப் பற்றிக் கொடுத்தேன். 1934-ல் கட்டி முடித்தது, 120 அடி, 93.47 டிஎம்சி என்று எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் அச்சில் வந்ததும் படித்துப் பார்த்தால், திருத்துறைப்பூண்டியில் உட்கார்ந்து எழுதியது என்பதற்கு அதில் ஒரு அடையாளமும் இல்லை. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தென்னைக் கட்டுரை வந்தபோது கடைக்கே வந்து, "எங்க கொல்லையில எத்தனை மரம் போச்சு தெரியுமா" என்று நின்று பேசினார்கள். எனக்கு அது வேண்டும். 20-ஆம் தேதிக்குள் அடுத்ததைக் கொடுக்க வேண்டும். பொருளை எப்படிப் பிடிக்கிறீர்கள்?

அரசலாறு (கும்பகோணம் பக்கம்):

நான் கைத்தொழில் நடக்கும் ஊர்களுக்குப் போய்விடுவேன். செய்யும் பொருளைப் பற்றிக் கேட்க மாட்டேன், அதை எதில் செய்கிறார்கள் என்று கேட்பேன். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோரும் எழுதிய செய்தி. "மரம் எங்கேயிருந்து வருகிறது" என்று கேட்டுப் பாருங்கள். ஆச்சா மரம், அதிலும் பழைய வீட்டை இடிக்கும்போது கிடைக்கும் தூணும் உத்திரமும்தான் வேண்டும் என்பார்கள், ஏனென்றால் அது பல வருடம் காய்ந்து இறுகியது. அந்தப் பதிலில் இன்னொரு கட்டுரை இருக்கிறது: இடிப்பதற்குப் பழைய வீடுகள் இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும்? சுவாமிமலையில் சிலை வார்ப்புக்குப் பூசும் வண்டல் மண்ணும் அப்படித்தான். சிலையை விட்டுவிட்டு மண்ணின் பின்னால் போங்கள்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):

தங்கச்சி, நான் பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். மதகைத் தூக்குவதும் இறக்குவதும்தான் எனக்குத் தெரிந்த தொழில். எங்கள் பேச்சில் தலைப்பு என்றால் வாய்க்கால் பிரியும் இடம். நீங்கள் எழுதியதெல்லாம் தலைப்பிலேயே நிற்கிறது. மேட்டூர், கல்லணை. அங்கே எப்போதும் தண்ணீர் இருக்கும், எழுதவும் ஆள் இருக்கும். உங்கள் ஊர் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். அங்கே நின்று எழுத ஆள் குறைவு.

மேட்டூரில் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். அதெல்லாம் பேப்பரில் வரும். அப்புறம் உங்கள் வாய்க்காலுக்கு எத்தனை நாள்? அதைப் பேப்பர் எழுதாது. மேட்டூர் திறப்பு என்றால் ஜூன் 12 என்று சொல்லிப் பழகிவிட்டோம். 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆனது. இந்த இரண்டு வருடத்திலும் உங்கள் தெருவில் ஒருவர் எப்போது விதை விட்டார், நாற்று விட்டாரா, நேரடியாக விதைத்தாரா, குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்குப் போனாரா? ஒரே ஒரு ஆளிடம் கேளுங்கள். மேட்டூர் கட்டுரையை அங்கிருந்து திரும்ப எழுதலாம்.

இன்னொன்று. உங்கள் கடைக்குச் சிட்டா, அடங்கல் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? நவம்பரில் சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு கட்டக் கூட்டம் வரும். மகசூல் இழப்பைத் தனித்தனி வயலாகப் பார்க்க மாட்டார்கள், வருவாய் கிராமத்தின் சராசரியைத்தான் பார்ப்பார்கள். அதற்கு ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். தன் வயல் மூழ்கியும் பணம் வராதவர், ஏன் வரவில்லை என்று தெரியாமலே உங்கள் கடையில் நகல் எடுத்துக்கொண்டு நிற்பார். அந்த அளவெடுப்பை ஒரு நாள் கூடவே நின்று பார்த்து எழுதுங்கள். எனக்கே படிக்க ஆசையாக இருக்கிறது.

மருதம் (மன்னார்குடி):

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நகல் எடுக்கக் கொடுத்த காகிதத்தில் பார்த்ததை எழுதாதீர்கள். நம்பிக் கொடுத்தது அது. அவரிடமே கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் எழுதுங்கள். நான் பொருள் பிடிப்பது பேச்சில் இருந்து. என் அப்பாயி நிலத்தை மா கணக்கில் சொல்லும், அப்பா ஏக்கரில் சொல்வார், விண்ணப்பத்தில் ஹெக்டேர் இருக்கும். மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. வேலி என்று சொல்கிற ஆள் எங்கள் தெருவில் இப்போது ஒருவர்தான் மிச்சம். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதினேன், இதுவரை எழுதியதில் எனக்குப் பிடித்தது அதுதான்.

கடைமடைக்காரி:

அண்ணன், அக்கா, எல்லோருக்கும் நன்றி. மருதம் அக்கா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், காகிதத்தைத் தொட மாட்டேன்.

நேற்று கடைக்கு வந்த ஒரு பெரியம்மாவிடம் 2024-ஐப் பற்றிக் கேட்டேன். கோயில் நிலம், குத்தகைக்கு நாலு மா. தண்ணீர் வரவில்லை என்று குறுவையே போடவில்லையாம். சம்பாவுக்கு நேரடி விதைப்பு. விதைத்த மூன்றாம் நாள் மழை வந்து விதை அழுகியதும், மறுபடி விதைக்கக் காதுத் தோட்டை அடகு வைத்ததும் சொன்னார். "எழுதிக்கட்டுமா பெரியம்மா?" என்றேன். "எழுது. தண்ணி வாய்க்கால்ல வந்துச்சுன்னு எழுதாத, எங்க மடைக்கு வரலன்னு எழுது" என்றார்.

அவருடைய மடை எந்த வாய்க்காலில் வருகிறது, அதற்கு மேலே எத்தனை மதகு இருக்கிறது என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை வண்டியில் போகிறேன். வெண்ணாற்றங்கரை அண்ணன், மதகில் யாரிடம் முதலில் பேச வேண்டும், என்ன கேட்டால் பேசுவார்கள் என்று சொல்ல முடியுமா?

வெண்ணாற்றங்கரை:

லஸ்கரைப் பாருங்கள், மதகைத் திறந்து மூடும் பாசன ஊழியர் அவர். காலையில் ஆறு மணிக்குள் போனால் மதகிலேயே இருப்பார். தண்ணீர் ஏன் வரவில்லை என்று ஆரம்பிக்காதீர்கள், அதை அவரிடம் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அளவுகோலில் இன்று எத்தனை அடி நிற்கிறது என்று கேளுங்கள்.