பேக் அழுத்தித் திரும்பினால் டோஸ்ட் இரண்டு முறை வருகிறது: கோட்லின் ஃப்ளோ சந்தேகம்

கேட்டவர்: வணக்கம் நண்பர்களே. ஆண்ட்ராய்டில் ஆர்டர் எடுக்கும் ஆப் ஒன்று எழுதுகிறேன். வியூமாடலில் (திரைக்கான தரவை வைத்திருக்கும் வகுப்பு) ஒரு ஷேர்டுஃப்ளோ (கேட்கும் எல்லோருக்கும் மதிப்புகளை அனுப்பும் ஓடை), ரீப்ளே 0, அதாவது புதிதாகக் கேட்பவருக்குப் பழைய மதிப்பைத் தராது. ஃபிராக்மென்ட்டின் (திரையின் ஒரு பகுதி) ஆன்வியூகிரியேட்டடில் (அதன் வியூ, அதாவது கண்ணுக்குத் தெரியும் பாகம், உருவானதும் ஓடும் ஃபங்ஷன்) லைஃப்சைக்கிள்ஸ்கோப்.லான்ச் போட்டு (ஃபிராக்மென்ட் இருக்கும்வரை ஓடும் வேலை) அதை கலெக்ட் செய்கிறேன், அதாவது வரும் மதிப்புகளைக் கேட்கிறேன். முதல் தடவை சரியாக இருக்கிறது. முகவரித் திரைக்குப் போய் பேக் அழுத்தித் திரும்பி ஆர்டர் போட்டால், 'ஆர்டர் உறுதியானது' டோஸ்ட் (திரையில் சில நொடி தோன்றி மறையும் செய்தி) இரண்டு முறை வருகிறது. இன்னொரு தடவை போய்வந்தால் மூன்று. போனைத் திருப்பிப் பிடித்தால் மறுபடி ஒன்றாகிவிடுகிறது! சர்வருக்குக் கோரிக்கை ஒன்றுதான் போகிறது, லாக்கில் பார்த்துவிட்டேன்.

பதில் 1: லான்ச்வென்ஸ்டார்டட் போட்டுப் பாருங்க ப்ரோ.

பதில் 2: அது வேண்டாம். திரை மறையும்போது கலெக்ட்டை அது நிறுத்திவைக்குமே தவிர ரத்து செய்யாது. டெப்ரிகேட்டும் (இனிப் பயன்படுத்த வேண்டாம் என்ற அறிவிப்பு) ஆகிவிட்டது.

போனைத் திருப்பினால் சரியாகிறது என்றீர்களே, துப்பு அங்கேதான் இருக்கிறது. வேறு திரையால் ரீப்ளேஸ் செய்து பேக்ஸ்டாக்கில் (பேக் அழுத்தினால் திரும்ப வரும் திரைகளின் அடுக்கு) போட்டால் ஃபிராக்மென்ட் சாகாது, அதன் வியூ மட்டும்தான் அழியும். நீங்கள் பிடித்திருப்பது ஃபிராக்மென்ட்டின் ஸ்கோப் என்பதால் பழைய கலெக்டர் உயிரோடு இருக்கிறது. திரும்பி வந்ததும் ஆன்வியூகிரியேட்டட் மறுபடி ஓடி, பக்கத்தில் இன்னொன்றை உட்கார வைக்கிறது. போனைத் திருப்பும்போது ஃபிராக்மென்ட்டே அழிந்து புதிதாக வருவதால் எல்லாம் கழன்றுவிடுகிறது. ஷேர்டுஃப்ளோவின் சப்ஸ்கிரிப்ஷன்கவுன்ட்டை (கேட்கும் கலெக்டர்களின் எண்ணிக்கை) லாக்கில் அச்சிடுங்கள். 1, 2, 3 என்று ஏறுவது கண்ணுக்கே தெரியும்.

தீர்வு: வியூலைஃப்சைக்கிள்ஓனர்.லைஃப்சைக்கிள்ஸ்கோப்.லான்ச் (வியூ அழிந்தால் இதுவும் நிற்கும்), அதற்குள் வியூலைஃப்சைக்கிள்ஓனர்.ரிப்பீட்ஆன்லைஃப்சைக்கிள், நிலை ஸ்டார்டட் (திரை தெரியும்போது ஓடும், மறைந்தால் ரத்தாகும்). இது லைஃப்சைக்கிள் நூலகத்தின் 2.4.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. இரண்டு ஃப்ளோக்கள் இருந்தால் உள்ளே தனித்தனி லான்ச் போடுங்கள். ஷேர்டுஃப்ளோவில் கலெக்ட் முடிவதே இல்லை, கீழே உள்ள வரிக்கு ஓட்டம் போய்ச் சேராது.

கேட்டவர்: அருமை! எண்ணிக்கை 1-லேயே நிற்கிறது. ஆனால் இப்போது வேறு தலைவலி. ஆர்டர் போட்ட கையோடு வேறு ஆப்புக்குப் போய்த் திரும்பினால் டோஸ்ட் வரவே இல்லை. ரீப்ளேவை 1 ஆக்கினால் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் பழைய டோஸ்ட் வருகிறது.

பதில் 2: ஆமாம், திரை மறைந்ததும் கலெக்டர் ரத்தாகிறது. ரீப்ளே 0 என்றால், கேட்க ஆள் இல்லாத நேரத்தில் எமிட் ஆனது (அனுப்பப்பட்டது) போனது போனதுதான். ஷேர்டுஃப்ளோவுக்குப் பதில் ஒரு சேனலை (மதிப்புகள் வரிசையில் நிற்கும் குழாய்) ரிசீவ்ஆஸ்ஃப்ளோ மூலம் கொடுத்தால் கலெக்டர் வரும்வரை மதிப்பு காத்திருக்கும். ஆனால் அங்கே ஒரு மதிப்பு ஒரே ஒரு கலெக்டருக்குத்தான் போகும். இரண்டு திரைகள் கேட்டால் ஏதோ ஒன்றுக்குத்தான் கிடைக்கும்.

உங்கள் விஷயம் ஆர்டர். கட்டணம் கட்டியவருக்குப் பதில் தெரியாமல் போகக் கூடாது. நானாக இருந்தால் உறுதிச் செய்தியை யூஐ ஸ்டேட்டிலேயே (திரையின் தற்போதைய நிலை) ஒரு நல்லபிள் புலமாக (நல், அதாவது காலியாகவும் இருக்கலாம்) வைப்பேன், ஸ்டேட்ஃப்ளோவில் (கடைசி மதிப்பை எப்போதும் வைத்திருக்கும் ஃப்ளோ). டோஸ்ட் காட்டியதும் வியூமாடலின் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு அதை நல் ஆக்கிவிடலாம். எத்தனை நேரம் கழித்துத் திரும்பினாலும் செய்தி ஒரு முறை வரும். பின்னணியில் இருக்கும்போது சிஸ்டம் ப்ராசஸையே கொன்றுவிட்டால் இதுவும் போய்விடும், அதனால் ஆர்டர் நிலையை ரூமிலும் (போனிலேயே தரவைச் சேமிக்கும் தரவுத்தள நூலகம்) எழுதி வையுங்கள்.