என் கணினியில் சரியாகத் தெரியும் எழுத்துரு பிறர் கணினியில் மாறிவிடுகிறது: எல்லோருக்கும் ஒன்றுபோல் காட்டுவது எப்படி?

ஓலைநறுக்கு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பழைய பாடல்களை மூலமும் உரையுமாக வெளியிடும் சிறிய இணையதளம் ஒன்றை நானே உருவாக்கி வருகிறேன். மூலப் பாடலுக்கு, ஏட்டெழுத்தின் வளைவுகளை நினைவூட்டும் சற்றுத் தடித்த எழுத்துரு ஒன்றையும், உரைக்கு, நெடுநேரம் படித்தாலும் கண்ணை உறுத்தாத வேறோர் எழுத்துருவையும் பல நாள் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். இரண்டும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் ஸ்டைல்ஷீட் கோப்பில், எழுத்துருவைக் குறிக்கும் 'ஃபான்ட்-ஃபேமிலி' என்னும் பண்பில் அவற்றின் பெயர்களைக் கொடுத்திருக்கிறேன். என் கணினியில் எந்த உலாவியில் திறந்தாலும் நான் எண்ணியபடியே பக்கம் தெரிகிறது.

நேற்று நண்பர் ஒருவர் தம் கணினியில் தெரிந்த பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பினார். மூலமும் உரையும் ஒரே மெல்லிய எழுத்தில் இருந்தன. அதைவிட வருத்தம் தந்தது, நான்கு சீரும் ஒரே வரியில் நிற்க வேண்டிய அடிகளில் கடைசிச் சீர் மட்டும் மடங்கி, அடுத்த வரியின் தொடக்கத்தில் தனியாக நின்றதுதான். அவருடைய கைப்பேசியிலோ இன்னொரு வடிவம். எழுத்துருவை நிறுவிக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்பதா, பாடல்களைப் படங்களாக்கி இடுவதா என்று தெரியாமல் நிற்கிறேன். படமாக்கினால் தேடவும் நகலெடுக்கவும் முடியாது, திரைவாசிப்பானைக் கொண்டு படிப்பவருக்குப் பாடலே இல்லாமல் போய்விடும் என்பதால் அதில் எனக்கு உடன்பாடில்லை. வேறு வழி உண்டா?

நூற்பா:

'ஃபான்ட்-ஃபேமிலி'யில் நீங்கள் எழுதுவது வெறும் பெயர்தான். அந்தப் பெயரில் ஓர் எழுத்துரு வாசகரின் கணினியில் ஏற்கெனவே இருந்தால் உலாவி அதை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் தன் கையில் உள்ளதைக் கொண்டு காட்டும். விண்டோஸில் அது நிர்மலா யூஐ ஆக இருக்கலாம், ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என் ஆக இருக்கலாம், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோவாக இருக்கும். உங்கள் கணினியில் மட்டும் சரியாகத் தெரிவதற்குக் காரணம், தேர்ந்தெடுப்பதற்காக அவ்விரு எழுத்துருக்களையும் நீங்கள் அதில் நிறுவியிருப்பதே. அவற்றை நீக்கிவிட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், நண்பர் கண்டதையே நீங்களும் காண்பீர்கள்.

வாசகர்களை நிறுவச் சொல்ல வேண்டாம். திஸ்கி, டாப், டாம் என ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு குறியேற்றத்தில் (எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் முறையில்) இயங்கிய காலத்தில், உரிய எழுத்துரு இல்லாதவருக்குப் பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தெரிந்ததால் அந்த வேண்டுகோளுக்குத் தேவை இருந்தது. இப்போது உங்கள் பாடல் யூனிகோடில் இருப்பதால், எழுத்துரு மாறினாலும் பாடல் பாடலாகவே சென்று சேர்கிறது. தோற்றத்தைச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. அதற்கு எழுத்துருக் கோப்பைத் தளத்திலேயே வைத்து, 'ஃபான்ட்-ஃபேஸ்' விதியின் மூலம் பக்கத்தோடு அனுப்ப வேண்டும்.

அச்சுக்கோப்பாளர்:

நூற்பா சொன்னதே அடிப்படை. ஆனால் 'ஃபான்ட்-ஃபேஸ்' விதியை எழுதியவுடன் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணித்தான் பலரும் பிறகு தடுமாறுகிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கோப்பின் வடிவம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒரே எழுத்துருவை நான்கைந்து வடிவங்களில் வைத்துக்கொண்டிருந்த காலம் முடிந்துவிட்டது. 2012இல் உலகளாவிய வலை கூட்டமைப்பின் பரிந்துரையான, வலைக்கென்றே அமைந்த வோஃப் என்னும் எழுத்துருக் கோப்பு வடிவமும், 2018இல் பரிந்துரையான வோஃப்2 வடிவமும் வந்தபின், இன்று புழக்கத்தில் உள்ள உலாவிகள் எல்லாவற்றுக்கும் வோஃப்2 ஒன்றே போதும். பிராட்லி முறையில் சுருக்கப்படுவதால் கோப்பும் சிறியதாக இருக்கும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: 'ஃபான்ட்-ஃபேஸ்' விதியில் எழுத்துருவுக்கு அதன் உண்மையான பெயரைச் சூட்டாமல், எந்தக் கணினியிலும் இருக்க வாய்ப்பில்லாத ஒரு பெயரை நீங்களே சூட்டுங்கள், 'ஏட்டுமூலம்' என்று வைத்தாலும் சரியே. உண்மைப் பெயரையே வைத்தால், விதியை எழுதும்போது பெயரில் ஒரு பிழை நேர்ந்தாலும், அல்லது அந்த ஸ்டைல்ஷீட்டே ஏற்றப்படாமல் போனாலும், உங்கள் கணினியில் நிறுவப்பட்டுள்ள பிரதி ஓசையின்றி அந்த இடத்தை நிரப்பிவிடும். பிழை நடந்திருப்பது உங்களுக்கு மட்டும் தெரியாது, மற்ற எல்லோருக்கும் தெரியும். இதே காரணத்தால், வாசகரின் கணினியில் நிறுவப்பட்ட பிரதியை முதலில் தேடச் சொல்லும் 'லோக்கல்' என்னும் குறிப்பையும் விட்டுவிடுங்கள். வாசகரிடம் அதே எழுத்துருவின் பழைய பதிப்பு இருந்தால் உலாவி அதை எடுத்துக்கொள்ளும். எழுத்தின் அகலம் மாறி, உங்கள் அடிகள் மறுபடியும் மடங்கக்கூடும்.

அடுத்தது தடிமன். சாதாரண எழுத்துக்கான கோப்பை மட்டும் கொடுத்துவிட்டு, தலைப்பில் தடித்த எழுத்தைக் கேட்டால், உலாவி உள்ள வடிவத்தையே செயற்கையாகத் தடிப்பாக்கிக் காட்டும். மூன்று சுழி 'ண'வை அப்போது உற்றுப் பாருங்கள். சுழிகளின் உள்வெளி அடைபட்டு, மையில் ஊறியது போலத் தெரியும். அந்தத் தடிப்பாக்கமும் உலாவிக்கு உலாவி மாறும். ஆகவே பயன்படுத்தும் ஒவ்வொரு தடிமனுக்கும் தனிக் கோப்பும் தனி விதியும் கொடுத்து, சாதாரண எழுத்துக்கு 400, தடித்த எழுத்துக்கு 700 என அதன் எண்ணையும் குறிப்பிடுங்கள்.

கோப்பின் அளவைக் குறைக்க, தேவையற்ற எழுத்துகளை நீக்கும் கருவிகளைப் பலர் பயன்படுத்துவர். அதில் தமிழுக்கென்று ஓர் ஆபத்து உண்டு. யூனிகோடில் தமிழுக்கான முதன்மைத் தொகுதியில் உள்ள இடங்கள் 128 மட்டுமே. 'கு', 'ணூ' போன்ற இணைந்த வடிவங்களுக்கு அங்கே தனி இடம் கிடையாது. எழுத்துருவின் உள்ளே இருக்கும் பதிலீட்டு அட்டவணைதான் அவற்றை உருவாக்குகிறது. அட்டவணையைக் கருவி தூக்கி எறிந்துவிட்டால், 'க' தனியாகவும் உகரக் குறி அதன் அருகில் தனியாகவும் நிற்கும். 'ஸ்ரீ' பிரிந்துபோகும். எனவே வடிவமைப்பு அம்சங்கள் அனைத்தையும் வைத்துக்கொள்ளுமாறு கருவிக்குக் கட்டளையிடுங்கள். எண்களையும் நிறுத்தற்குறிகளையும் மேற்கோள் குறிகளையும் நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் பாடல் எண் மட்டும் வேறோர் எழுத்துருவில் வந்து நிற்கும்.

உரிமத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். திறந்த உரிமம் என்றால் பெரும்பாலும் சிக்கல் இராது. ஆயினும் சில எழுத்துருக்களின் உரிமம், திருத்திய கோப்பை மூலப் பெயரிலேயே வெளியிட அனுமதிப்பதில்லை, எழுத்துகளை நீக்குவதும் திருத்தமாகவே கருதப்படலாம்.

ஓலைநறுக்கு:

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே பெயர் சூட்டி, மூன்று வோஃப்2 கோப்புகளை ஏற்றினேன். 'லோக்கல்' குறிப்பைச் சேர்க்காததன் பயன் உடனே தெரிந்தது: உரை எழுத்துரு என் கணினியிலேயே வரவில்லை. தேடிப் பார்த்தபோது, கோப்பின் பெயரில் முதல் எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தாகவும் ஸ்டைல்ஷீட்டில் சிறிய எழுத்தாகவும் இருந்தது. என் விண்டோஸ் கணினிக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு என்பதை 'கோப்பு இல்லை' என்று சொல்லும் 404 என்னும் எண் காட்டிக்கொடுத்தது. திருத்திவிட்டேன்.

ஆனால் புதிதாக ஒரு சிக்கல். நண்பர்கள் ஆறு பேரைப் பார்க்கச் சொன்னேன். நால்வருக்கு எழுத்துரு வருகிறது, இருவருக்கு வரவில்லை. அந்த இருவரில் ஒருவரிடம் இருப்பது என்னுடையதைப் போன்ற கணினி, அதே உலாவி, அதே பதிப்பு. உலாவி சேமித்து வைத்திருக்கும் பழைய பிரதிகளை (கேஷை) அழித்துப் பார்த்தும் பயனில்லை.

அச்சுக்கோப்பாளர்:

அந்த நண்பரை உலாவி தன் பிழைச் செய்திகளைக் காட்டும் கன்சோலைத் திறந்து, அதில் சிவப்பில் வரும் வரியை அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். அவர் முகவரிப் பட்டையில் எதைத் தட்டெழுதுகிறார் என்பதையும் கேளுங்கள்.

ஓலைநறுக்கு:

கேட்டேன். நால்வர் நான் அனுப்பிய இணைப்பைச் சொடுக்கியிருக்கிறார்கள், அதில் முகவரிக்கு முன்னால் மூன்று டபிள்யூ இருக்கிறது. மற்ற இருவரும் அது இல்லாமல் தட்டெழுதியிருக்கிறார்கள். கன்சோலில், 'சிஓஆர்எஸ் கொள்கையால் (வேறு தளத்திலிருந்து கோப்புகளை எடுப்பதற்கான விதியால்) தடுக்கப்பட்டது' என்னும் பொருளில் ஒரு வரி வருகிறது.

அச்சுக்கோப்பாளர்:

காரணம் கிடைத்துவிட்டது. ஸ்டைல்ஷீட்டில் எழுத்துருவின் முழு முகவரியை, மூன்று டபிள்யூவுடன் எழுதியிருப்பீர்கள். நமக்கு இரண்டும் ஒரே தளம். உலாவியோ அவற்றை இரு வேறு மூலங்களாகவே கருதும். வேறொரு மூலத்திலிருந்து வரும் படத்தைக் காட்ட அது தடை சொல்வதில்லை. எழுத்துருவை மட்டும், அதை வழங்கும் சர்வர் வெளிப்படையாக அனுமதி தந்தாலன்றி ஏற்பதில்லை. படங்கள் எல்லாம் ஒழுங்காக வந்து எழுத்துரு மட்டும் வராதபோது நான் முதலில் ஐயுறுவது இதையே.

முகவரியைச் சார்புப் பாதையாக, அதாவது தளத்தின் பெயர் இல்லாமல் கோப்புறையும் கோப்பும் மட்டும் கொண்டதாக மாற்றுங்கள். அந்தப் பாதை ஸ்டைல்ஷீட் இருக்கும் கோப்புறையிலிருந்து கணக்கிடப்படும், பக்கம் இருக்கும் இடத்திலிருந்து அல்ல. இரண்டு முகவரிகளில் ஒன்றை நிலையானதாகத் தேர்ந்து, மற்றதை 301 என்னும் நிரந்தரத் திருப்புதல் மூலம் அதற்குத் திருப்பிவிடுங்கள். பின்னாளில் எழுத்துருக்களை வேறொரு டொமைனில் வைக்க நேர்ந்தால், அந்தச் சர்வர் கோப்போடு 'அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின்' என்னும் அனுமதிக் குறிப்பையும் அனுப்ப வேண்டும். பக்கம் பாதுகாப்பான இணைப்பிலும் எழுத்துரு பாதுகாப்பற்ற இணைப்பிலும் இருந்தாலும் உலாவி தடுத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வரிவடிவம்:

இந்த உரையாடலை நேற்றிலிருந்து படித்து வருகிறேன். 'எல்லோருக்கும்' என்ற சொல்லைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் உங்கள் எழுத்துரு சென்று சேராத வாசகர்கள் இருப்பார்கள். ஆப்பிள் இயங்குதளங்களின் முந்தைய பதிப்புகளில், கடும் பாதுகாப்புக்கான லாக்டவுன் முறையை இயக்கியவர்களுக்கு வலை எழுத்துருக்கள் ஏற்றப்படுவதில்லை. ஓபரா மினி போன்ற சுருக்க உலாவிகள் அவற்றைக் காட்டுவதில்லை. விளம்பரத் தடுப்பான்களில் எழுத்துருக்களைத் தடுக்கும் வசதி உண்டு, பார்வைக் குறைபாட்டால் தமக்கு ஏற்ற எழுத்துருவையே எல்லாத் தளங்களுக்கும் வைத்திருப்போரும் உண்டு. இவர்கள் யாரும் பிழை செய்யவில்லை. ஆகவே பட்டியலில் உங்கள் எழுத்துருவுக்குப் பின், அகலத்தில் அதற்கு நெருங்கிய கணினி எழுத்துருக்களை ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் ஒன்றாக வரிசைப்படுத்துங்கள். 'சைஸ்-அட்ஜஸ்ட்' என்னும் பண்பைக் கொண்டு மாற்று எழுத்துருவின் அளவைச் சில விழுக்காடு கூட்டியோ குறைத்தோ உங்கள் எழுத்துருவுக்கு இணையாக்க முடியும்.

கோப்பு வந்து சேரும் வரை என்ன காட்டுவது என்பதும் உங்கள் முடிவே. எதுவும் குறிப்பிடாவிட்டால் பெரும்பாலான உலாவிகள் 3 விநாடி வரை எழுத்தே இல்லாத வெற்றிடத்தைக் காட்டும். மெதுவான இணைப்பில் படிப்பவருக்கு அது பெருந்தொல்லை. 'ஃபான்ட்-டிஸ்பிளே' பண்பில் 'ஸ்வாப்' என்று கொடுத்தால் மாற்று எழுத்துரு உடனே தோன்றி, கோப்பு வந்ததும் மாறும். மூலப் பாடலுக்கான எழுத்துருவை மட்டும் 'பிரீலோட்' குறிச்சொல்லால் முன்கூட்டியே ஏற்றச் செய்யுங்கள். அந்தக் குறிச்சொல்லில் 'கிராஸ்ஆரிஜின்' பண்பை மறந்தால் அதே கோப்பு இருமுறை இறங்கும்.

மடங்கும் சீரைப் பொறுத்தவரை, எழுத்துருவை மட்டும் நம்பியிருக்காதீர்கள். சிறிய திரையில் உங்கள் எழுத்துருவே வந்தாலும் நெடிய அடி மடங்கத்தான் செய்யும். ஒவ்வோர் அடிக்கும் இடப்பக்கம் இரண்டு எழுத்து அகலம் இடைவெளி விட்டு, முதல் வரியை மட்டும் அதே அளவு எதிர்மறையாக உள்தள்ளுங்கள். அச்சுநூல்களில் காண்பது போல, மடங்கிய சீர் உள்தள்ளி நிற்கும். அது தனி அடி அன்று என்பது படிப்பவருக்குப் பார்த்தவுடன் விளங்கும்.

ஓலைநறுக்கு:

சார்புப் பாதைக்கு மாற்றி, ஒரு முகவரியை மற்றதற்குத் திருப்பிவிட்டேன். ஆறு பேருக்கும் இரு எழுத்துருக்களும் வருகின்றன. உள்தள்ளலையும் சேர்த்திருக்கிறேன். பழைய கைப்பேசி ஒன்றில் வலை எழுத்துருவை முடக்கிவிட்டுத் திறந்து பார்த்தேன்: எழுத்து வேறாக இருந்தது, நான்காம் சீர் மடங்கியிருந்தது, ஆனால் தன் அடிக்குக் கீழே உள்தள்ளி ஒழுங்காக நின்றது. தடித்த எழுத்துக்கான கோப்பை மட்டும் இன்னும் சுருக்கவில்லை. அட்டவணைகளுடன் சுருக்கிப் பார்த்துவிட்டு, 'ணூ'வும் 'ஸ்ரீ'யும் குலையாமல் வந்தால் இங்கே தெரிவிக்கிறேன்.