'பான்ஸ் லேப்ரிந்த்': அந்த ஃபான் நிஜமாகவே வந்ததா?

(முடிவு வரை பேசியிருக்கிறேன். பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.)

பக்கத்துத் தியேட்டரில் பழைய படங்களைத் திரும்பப் போடுகிறார்கள். நேற்று இரவுக் காட்சிக்கு அப்பாவையும் கூட்டிப் போனேன். 2006-இல் கியர்மோ டெல் டோரோ எடுத்த படம். மாயக்கதை என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். ஆனால் கதை நடப்பது 1944 ஸ்பெயினில். உள்நாட்டுப் போர் முடிந்தும் காட்டில் ஒளிந்திருக்கும் கிளர்ச்சிக்காரர்கள், அவர்களை வேட்டையாடும் ஒரு கேப்டன், அவன் வீட்டுக்கு அம்மாவோடு வந்து சேரும் சிறுமி ஒஃபேலியா. 'நீ பாதாள ராஜ்யத்தின் இளவரசி' என்று அவளிடம் சொல்வதுதான் ஃபான், பாதி மனிதனும் பாதி ஆடுமான புராண உருவம். பாட்டிலால் அடிக்கும் காட்சியில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். விளக்கு போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

நடந்து வரும்போதுதான் பேசினார். "ஃபானும் இல்லை, பாதாள ராஜ்யமும் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் போக்கிடம் இல்லை. அதனால் ஒன்றை உண்டாக்கிக்கொண்டது."

எனக்கு மனசு ஒப்பவில்லை. அவள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றே நம்புகிறேன். படத்துக்குள்ளேயே அதற்கு ஆதாரம் இருக்கிறதா?

சாக்பீஸ்:
இருக்கிறது. ஒஃபேலியாவை அறையில் அடைத்து வெளியே காவலும் போடுகிறார்கள். பிறகு எப்படி கேப்டனின் அறைக்குள் வந்தாள்? மாயச் சாக்பீஸால் சுவரில் கதவு வரைந்துதான். அப்புறம் ஃபான் கொடுத்து, அம்மாவின் கட்டிலுக்கு அடியில் பாலில் கிடந்த வேர். அது இருந்தவரை அம்மாவுக்குக் காய்ச்சல் குறைந்தது, மருத்துவருக்கே காரணம் புரியவில்லை. அதை நெருப்பில் எறிந்ததும் அம்மா வலியில் சுருண்டு விழுகிறாள்.

கடைசிவரிசை:
நான் உங்கள் அப்பா பக்கம். முடிவில் கேப்டன் பார்க்கும்போது அவள் தனியாகத்தான் நின்று பேசுகிறாள். எதிரில் யாருமே இல்லை. தன்னைப் பொறுத்தவரை அந்த உலகம் நிஜம் என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார், தெரியும். ஆனாலும் அந்த ஒரு ஷாட்டைத் தாண்டி என்னால் வர முடியவில்லை.

சாக்பீஸ்:
அவன் கோப்பையில் அவள் மயக்க மருந்து கலந்ததை மறந்துவிட்டீர்களே! தள்ளாடிக்கொண்டு வந்தவனின் கண்ணை எப்படி நம்புவது?

ஒப்பனைப்பெட்டி:
ஃபானை நாம் இவ்வளவு நம்பக் காரணம், அங்கே உண்மையிலேயே ஒருவர் நின்றதுதான். டக் ஜோன்ஸ். ஸ்பானிஷ் தெரியாது, வசனங்களை மனப்பாடம் செய்தே நடித்தார். பின்னர் வேறொருவர் குரல் கொடுத்தார். உள்ளங்கையில் கண் வைத்த அந்த வெளிறிய பிசாசும் அவர்தான். முகமூடியின் மூக்குத் துளைகள் வழியாகத்தான் அவருக்குப் பார்வையே. ஒப்பனைக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்தக் கைகள் முகத்துக்கு நேராக விரிகிற காட்சியைப் பெரிய திரையில் பார்த்தது உங்கள் அதிர்ஷ்டம்.

கேள்வி கேட்டவர்:
எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மயக்க மருந்தை ஒத்துக்கொள்ளவில்லை. "வேர் எரிந்ததும்தான் வலி வந்ததா? நான் கவனிக்கவே இல்லையே" என்று இரண்டு தடவை கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கடைசிக் காட்சி. டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.